ஆறுதலாகச் சுடுகிற அக்கா

"தம்பி, நான் ஒரு துவக்கு வாங்கப் போறன்" என்று அக்கா சொன்னபோது நாங்கள் இருவரும் லிஃப்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தோம். நான் கோயம்புத்தூர்க்காரன். துவக்குவது என்றால் எனக்கு ஆரம்பிப்பதுதான். ஏதோ கடை போடப்போகிறார் என்று நினைத்து, "ரொம்ப சந்தோஷம்க்கா. எதைத் துவக்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

பதில் சொல்ல வழக்கமாக எடுத்துக்கொள்ளும் நேரத்தை அன்றும் எடுத்துக்கொண்டார். லிஃப்ட் வந்தது. ஏறினோம். கதவு மூடியது. பாதி வழி போன பிறகு வலது கையை மெல்ல நீட்டி, ஆள்காட்டி விரலை மடக்கிக் காட்டினார்.

"சுடுறது, தம்பி. துவக்கு."

எங்கள் மாடியில் கதவு திறந்தது. எனக்கு இறங்கத் தோன்றவில்லை.

நார்வேயின் ஆஸ்லோ நகரில், ஸ்டோவ்னர் பகுதியில் இருந்த அந்த அடுக்குமாடியில் நானும் என் மனைவியும் சில வருடங்கள் இருந்தோம். எங்கள் கதவுக்கு எதிர்க்கதவு அக்காவுடையது. அப்போது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அக்காவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. நான் அண்ணா என்று கூப்பிட்ட அவருடைய கணவர் டாக்சி ஓட்டினார். ஒரே மகள் கல்யாணமாகி, நகரத்தின் மறுகோடியில், மோர்டென்ஸ்ருடில் இருந்தாள்.

அக்காவைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லச் சொன்னால், அவர் மெதுவானவர் என்று சொல்வேன். சோம்பேறி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வேலையை விட்டுவைக்கமாட்டார். ஆனால் அவர் வெங்காயம் நறுக்குவதைப் பார்த்தால் அதற்கு வலிக்கக் கூடாது என்று நினைக்கிறாரோ என்று தோன்றும். நாங்கள் குடிவந்த புதிதில் என் மனைவியைச் சாப்பிடக் கூப்பிட்டவர், "ஆறுதலா வாங்கோ" என்றார். எங்கள் ஊரில் சாவு வீட்டுக்குப் போய்ச் சொல்வதுதான் ஆறுதல். யார் இறந்துபோனார்களோ என்று பயந்து, வெறும் நெற்றியோடு போய் நின்றாள் என் மனைவி. யாழ்ப்பாணத்தில் ஆறுதலாக என்றால் அவசரமில்லாமல் என்று அர்த்தமாம். போனபோது அரிசிகூட உலையில் விழவில்லை.

அண்ணா இதற்கு நேர் எதிர். அவருடைய அகராதியில் இருந்த ஒரே வினையடை 'கெதியா', அதாவது சீக்கிரம், என்பதுதான். கெதியாச் சாப்பிடு, கெதியா வா, கெதியாப் படு. இந்த இரண்டு பேரும் எப்படி ஒரே மேடையில், ஒரே நேரத்தில் உட்கார்ந்து கல்யாணம் செய்துகொண்டார்கள் என்று என் மனைவி அடிக்கடி ஆச்சரியப்படுவாள்.

ஒரு மாசி மாதக் காலையில் கட்டிடத்தின் தீ அபாய மணி அடித்தது. எல்லோரும் படிக்கட்டில் உருண்டு புரண்டு இறங்கி, கையில் கிடைத்ததைப் போர்த்திக்கொண்டு பனியில் நின்றோம். முதலில் இறங்கியவர் அண்ணா. வெறுங்கால். கடைசியாக, தீயணைப்பு வண்டியே வந்து நின்ற பிறகு, அக்கா வந்தார். தலை வாரிப் பின்னியிருந்தது. குளிர்கோட்டின் பொத்தான்கள் எல்லாம் போட்டிருந்தன. ஒரு கையில் அண்ணாவின் சப்பாத்து, மறு கையில் பிளாஸ்க்கில் தேநீர்.

"எரிஞ்சு போயிருப்பீர்" என்றார் அண்ணா, பல் நடுங்க.

"எரியேல்லைத்தானே" என்றார் அக்கா.

யார் வீட்டிலோ ரொட்டி கருகியிருக்கிறது, அவ்வளவுதான். அந்தத் தேநீரை நாங்கள் ஏழெட்டுப் பேர் குடித்தோம்.

இப்படிப்பட்டவருக்குத் துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்றால், வாஃபலிலிருந்து வந்தது. எங்கள் கட்டிடத்தின் அடியில், யுத்தம் வந்தால் ஒளிந்துகொள்ள என்று பழைய காலத்தில் கட்டிய நிலவறை ஒன்று உண்டு. பாதியை எல்லோரும் பழைய பெட்டி, பனிச்சறுக்குப் பலகை போட்டுவைக்கப் பயன்படுத்தினோம். மறுபாதியை ஒரு பிஸ்டல் சங்கம் வாடகைக்கு எடுத்துச் சுடுதளமாக வைத்திருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அக்கா பயணப்பெட்டி எடுக்கக் கீழே போனார். அங்கே வாஃபல் என்ற கட்டம்போட்ட இனிப்பு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்றைச் சாப்பிட உட்கார்ந்தார். அவர் ஒரு வாஃபல் சாப்பிட்டு முடிப்பதற்குள் பயிற்சியே முடிந்துவிட்டது. பேச்சு வளர்ந்திருக்கிறது. அடுத்த செவ்வாயும் போனார்.

சங்கத் தலைவர் நெட்டையான ஒரு நார்வேக்காரர், ஓய்வு பெற்ற தபால்காரர். அவர் சொன்ன ஒரு வாக்கியம்தான் அக்காவைப் பிடித்துப்போட்டது என்று நினைக்கிறேன். ஐந்து குண்டு, ஐந்து நிமிடம். ஒரு குண்டுக்கு முழுசாக ஒரு நிமிடம்.

"இந்த நாட்டுக்கு வந்த நாளிலை இருந்து எனக்கு ஒரு வேலைக்கு இவ்வளவு நேரம் ஒருத்தரும் தரேல்லை, தம்பி" என்றார் என்னிடம்.

முதல் முறை சங்கத்தின் துப்பாக்கியைக் கொடுத்து நிற்கவைத்தபோது, ஐந்து நிமிடத்தில் நான்கு குண்டுதான் சுட்டாராம். நான்கும் நடுவில். பக்கத்தில் நின்றவர் ஐந்தையும் சுட்டுவிட்டுக் காப்பியும் குடித்துவிட்டு வந்திருந்தார், அவருடைய குறி அட்டையில் ஓட்டைகள் நான்கு மூலைக்கும் போயிருந்தன.

சொந்தத் துப்பாக்கி வாங்குவது அங்கே காய்கறி வாங்குவது போலல்ல. பாதுகாப்பு வகுப்பில் தேற வேண்டும். மாதக்கணக்கில் தவறாமல் போய்ப் பழக வேண்டும். அதற்குப் பிறகுதான் போலீசுக்கு விண்ணப்பம், அதற்கும் மேல் காத்திருப்பு. மற்றவர்கள் இந்தத் தாமதத்தைப் பற்றிப் புலம்புவார்களாம். அக்கா மட்டும்தான் அந்த நடைமுறையைப் பாராட்டினார். "வடிவா யோசிச்சுத்தான் தரினம்" என்றார்.

அவர் வாங்கியது மகளைவிட வயது கூடிய பிஸ்டல். சங்கத்தில் ஒருவர் கண் பார்வை குறைந்து விளையாட்டை விட்டபோது, குறைந்த விலைக்குக் கொடுத்தார். குழலின் நுனியில் கறுப்புச் சாயம் தேய்ந்து வெள்ளி தெரிந்தது. மரக் கைப்பிடியில் ஒரு கீறல் இருந்தது. சுட்டவுடன் வெற்றுக் கோதை, அதாவது குண்டின் காலி உறையை, வெளியே தள்ளிவிட்டு அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை. ஆனால் வயதின் காரணமாக அவ்வப்போது கோது வாயிலேயே சிக்கிக்கொள்ளும். புதிசு வாங்கியிருக்கலாமே என்று கேட்டதற்கு, "புதிசு கெதியாச் சுடும்" என்றார். அது அவருக்குக் குறையாகப் பட்டது.

பிஸ்டல் வந்து சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை என் கதவைத் தட்டி, "தம்பி, ரவை முடிஞ்சு போச்சு. ஸ்ட்ரோம்மன் பக்கம் போனா என்னையும் ஏத்திக்கொண்டு போறியளோ?" என்று கேட்டார். அழைத்துப்போனேன். நேராக மளிகைக் கடை வாசலில் காரை நிறுத்தி, நல்ல மனிதனாக நானே உள்ளே போய் இரண்டு பாக்கெட் ரவை வாங்கிவந்து அவர் மடியில் வைத்தேன். அவர் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கேட்டது குண்டு. வேட்டைச் சாமான் கடையில், உரிமத்தைக் காட்டி அவரே வாங்க வேண்டியது. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் அந்த ரவையில் கேசரி கிண்டிக் கொடுத்தனுப்பினார். கிண்டலும் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை சுடுதளத்தில் எல்லோருக்கும் நார்வேஜிய மொழியில் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அந்தத் தபால்காரர் என்னை லிஃப்டில் பார்த்தாலே வாயைப் பொத்திக்கொள்வார்.

பிஸ்டல் வீட்டுக்கு வரும்வரை அண்ணா ஒன்றும் பேசவில்லை. "பங்கருக்குள்ளை போய் வெடி வைக்கிறாவாம். ஊரிலை சொன்னாச் சிரிப்பினம்" என்று என்னிடம் பகிடியாக ஒருமுறை சொன்னதோடு சரி. உரிமம் வராது என்று அவர் நம்பியிருக்க வேண்டும். வந்தால்கூட, அக்கா வேகத்துக்கு, வாங்க இன்னும் பத்து வருடம் ஆகும் என்று நினைத்திருக்கலாம்.

துப்பாக்கியைப் பூட்டிவைக்கச் சட்டம் கேட்கும் இரும்புப் பெட்டகத்தைச் சுவரோடு முடுக்கிய வாரம், பிஸ்டல் வீட்டுக்கு வந்தது. அன்று மாலை அண்ணா ஒரு கைப்பையோடு லிஃப்ட் வாசலில் நின்றார்.

"எங்கண்ணா கிளம்பிட்டீங்க?"

"மகள் வீட்டை. உந்தச் சாமான் இருக்கிற வீட்டிலை நான் படுக்கமாட்டன், தம்பி. அவ்வளவுதான்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு நாளில் திரும்பி வருவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒரு மாதம் ஆனது. ஸ்டோவ்னர் கடைத்தெருவில் தமிழர்கள் கூடிய இடமெல்லாம் இதுதான் பேச்சு. துவக்குக்குப் பயந்து புருஷன் ஓடிவிட்டாராம் என்றார்கள். அவர் ஓடின வேகத்துக்கு அவ குறி பார்த்து முடிக்க அவர் நாட்டின் மறுகோடியில் இருக்கும் பேர்கனுக்கே போய்ச் சேர்ந்திருப்பார் என்றார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எதிர்க்கதவு திறக்கும்போது உள்ளே ஒருவர் மட்டும் நடமாடும் சத்தம் கேட்கும். அக்கா இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டு ஒரு பங்கை எங்களிடம் கொண்டுவருவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பங்கை, புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும், என் கையில் கொடுத்து மோர்டென்ஸ்ருடுக்கு அனுப்பினார். ஏன் நீங்களே போகவில்லை என்று கேட்டேன். "நான் போய்ச் சேர ஆறிப்போயிடும்" என்றார். நடுவில் ரயில் மாறி, நகரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடந்து போனேன்.

மகள்தான் கதவைத் திறந்தாள். நார்வேயிலேயே பிறந்து வளர்ந்தவள். "அப்பா எங்கடை ஸ்டூவாவிலை, சோபாவிலைதான் படுக்கிறார்" என்று கூடத்தைக் காட்டினாள். "ஏனெண்டு கேட்டாச் சொல்லுறார் இல்லை. நீங்கள் கேட்டுப் பாருங்கோ, அண்ணா" என்றாள் என்னிடம்.

அண்ணா புட்டைக் கெதியாகச் சாப்பிட்டு முடித்தார். மகள் தேநீர் வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் பகிடியாகவே ஆரம்பித்தேன். "என்னண்ணா, சின்ன பிஸ்டல். அட்டையில ஓட்டை போடுறது. இதுக்குப் போயி..."

அவர் தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தார்.

"எனக்குப் பத்தொன்பது வயசு. ஒரே வருஷத்துக்குள்ளை மூண்டு ஆக்கள் என்ரை நெத்தியிலை துவக்கு வைச்சவங்கள், தம்பி. முதல் ஆமிக்காரன். பிறகு எங்கடை இயக்கப் பெடியள். பிறகு..." நிறுத்தினார். "குறை நினையாதேங்கோ. பிறகு உங்கடை ஆக்கள்."

இந்திய ராணுவம் அமைதிப்படை என்ற பெயரில் அங்கே போனபோது நான் பிறந்திருக்கவில்லை. ஆனாலும் கையில் இருந்த கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"மூண்டு பேரும் ஒரே கேள்விதான் கேட்டவங்கள். நீ ஆரின்ரை ஆள் எண்டு. மூண்டு பேருக்கும் மூண்டு மறுமொழி சொன்னன். ஒண்டும் உண்மையில்லை. கடைசியிலை இறக்கினவங்கள்தான். ஆனா எவ்வளவு நேரம் வைச்சிருந்தவங்கள் எண்டு இப்பவும் எனக்குத் தெரியாது. துவக்கு எண்டால் எனக்கு அதுதான். இறக்குவாங்களோ, மாட்டாங்களோ எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறது."

பிறகு வெற்றுப் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து என்னிடம் கொடுத்தார். அதையும் கெதியாகத்தான் செய்தார்.

திரும்பிவந்து அக்காவிடம் பாத்திரத்தைக் கொடுத்தேன். அண்ணா என்ன சொன்னார் என்று கேட்டார். சொன்னேன். அவருக்குத் தெரிந்த கதையாகத்தான் இருக்கும் என்று நினைத்துச் சொன்னேன். பாதியில்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பாத்திரத்தைக் கீழே வைக்கவில்லை.

"எனக்கு இது தெரியாது" என்றார்.

பாத்திரத்தோடேயே சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நித்திரையிலை கத்துவார். கலியாணம் செய்த புதிசிலை இருந்து. கேக்க வேணும் எண்டு நினைக்கிறனான். அவரே சொல்லுவார், ஆறுதலாக் கேப்பம் எண்டு விட்டிட்டன்." பாத்திரத்தின் மூடியைச் சரியாக இருந்தபோதும் திருகிச் சரிசெய்தார். "முப்பது வருஷம் போட்டுது, தம்பி."

அவருடைய நிதானத்தைப் பார்த்து அன்றைக்கு மட்டும்தான் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போதே, நான் நிற்கும்போதே அண்ணாவுக்கு ஃபோன் செய்தார். "இஞ்சை பாருங்கோ, நான் அதை வித்துப்போடுறன். ஓம். விக்கிறன் எண்டால் விக்கிறன்தான். ஆனா அதுக்கு முதல் ஒருக்கா வந்து பாருங்கோ. பிறகு நீங்கள் சொல்லுங்கோ." மறுமுனையில் சத்தமில்லை. இவரும் பேசவில்லை. பேசாமல் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பதில் அக்காவை வெல்ல யாராலும் முடியாது. கடைசியில் அண்ணாதான் தோற்றார்.

சங்கத்தின் இலையுதிர்காலப் போட்டிக்குக் குடும்பத்தாரும் வரலாம். அண்ணா டாக்சி உடுப்போடேயே வந்தார், பத்து நிமிடத்தில் போய்விடுவதாகச் சொல்லிக்கொண்டு. நிலவறைப் படிக்கட்டில் இறங்கும்போது என் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டார். நாங்கள் பார்வையாளர் பக்கம், தடித்த கண்ணாடிக்குப் பின்னால் நின்றோம். காதில் பெரிய காதடைப்பான்கள். எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். எல்லோருடைய முதுகும் எங்களுக்குத் தெரிந்தது. அக்கா மூன்றாவது. பின்னலைக் கோட்டுக்குள் விட்டிருந்தார்.

முதல் வெடிக்கு அண்ணாவின் உடம்பு தூக்கிப்போட்டது. கண்ணை மூடிக்கொண்டார். நான் வெளியே போய்விடலாமா என்று சைகை செய்தேன். தலையாட்டி மறுத்தார்.

மற்றவர்கள் சுட்டுக்கொண்டே போனார்கள். அக்கா கையை உயர்த்துவார், பார்ப்பார், மனசு மாறிக் கையைத் தாழ்த்துவார், மூச்சு விடுவார், திரும்ப உயர்த்துவார். மூன்றாவது குண்டோடு அந்தப் பழைய பிஸ்டல் தன் வேலையைக் காட்டியது. கோது சிக்கிக்கொண்டது. அவர் அதை உலுக்கவில்லை, திருப்பிப் பார்க்கவில்லை. குழல் அட்டையைப் பார்த்தபடியே இருக்க, விதிப்படி தபால்காரரைக் கூப்பிட இடது கையை மட்டும் உயர்த்திக்கொண்டு சிலை மாதிரி நின்றார்.

"என்ன? என்ன நடந்தது அவவுக்கு?" என்று அண்ணா கண்ணாடியில் கையை வைத்தார்.

அதற்குள் நேரம் முடிந்தது. தபால்காரர் குரல் கொடுத்தார். "ஸ்டான்ஸ்."

நிறுத்து என்று அர்த்தம். காதடைப்பானைத் தாண்டியும் எனக்குக் கேட்டது. எட்டுக் கைகளும் ஒன்றாகத் தாழ்ந்தன. குண்டுப் பெட்டிகளைக் கழற்றினார்கள். உள்ளே காலி என்று தெரியும்படி பிஸ்டல்களைத் திறந்து மேசையில் வைத்தார்கள். ஓரடி பின்னால் வந்தார்கள். அக்காவிடம் மட்டும் தபால்காரர் போய், சிக்கிய கோதை எடுக்கவைத்து, அதையும் காலி செய்து கீழே வைக்கவைத்தார். பிறகு வரிசையாக ஒவ்வொன்றுக்குள்ளும் குனிந்து பார்த்துக்கொண்டு போனார். அது முடியும்வரை ஒருவரும் எதையும் தொடவில்லை.

அண்ணா காதடைப்பானைக் கழற்றினார்.

"அவர் என்ன சொன்னவர்?"

"ஸ்டான்ஸ்னு சொன்னாருண்ணா."

"அந்த ஒரு சொல்லுக்கு எல்லாரும் கீழை வைச்சிட்டினமோ?"

"ஆமாண்ணா. அதான் ரூல்."

அவர் மேசையைப் பார்த்தார். எட்டுத் துப்பாக்கிகள், பக்கத்தில் யாரும் இல்லாமல், வாயைத் திறந்துகொண்டு கிடந்தன.

"அடுத்த முறையும் வைப்பினமோ?"

"வைப்பாங்கண்ணா."

அவர் நம்பவில்லை. டாக்சியையும் மறந்து, போட்டி முடியும்வரை அங்கேயே நின்றார். எங்கே குண்டு விழுந்தது என்று அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு சுற்றின் முடிவுக்காகவும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு காத்திருந்தார். குரல் வரும். எட்டுக் கைகளும் தாழும். அப்போது மட்டும் அவருடைய தோள் கொஞ்சம் இறங்கும். வேகச் சுற்று வந்தபோது, மற்றவர்கள் ஐந்து சுட அக்கா இரண்டுதான் சுட்டார். அதைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்புச் சத்தம் என் பக்கத்திலிருந்து வந்தது.

போட்டியில் அக்காவுக்குக் கடைசி இடம். அவருக்கு அதில் வருத்தமில்லை. பிஸ்டலைப் பெட்டியில் பூட்டிவிட்டு வந்து அண்ணா முன்னால் நின்றார். "சொல்லுங்கோ. விக்கட்டோ?" என்றார்.

அண்ணா யோசித்தார். அவர் ஒரு கேள்விக்கு யோசித்துப் பதில் சொன்னதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"எனக்குக் கிட்ட கொண்டுவராதேயும்" என்றார். "வீட்டிலையும் உந்த ஸ்டான்ஸ் சட்டம் இருக்க வேணும்."

அந்த வாரமே கைப்பையோடு திரும்பிவந்துவிட்டார்.

நாங்கள் ஆஸ்லோவை விட்டுக் கிளம்பும் முன், சாவியைக் கொடுத்துவைக்க ஒரு சனிக்கிழமை பகலில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா சமையலறையில், சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து, பிஸ்டலைத் துடைத்துக்கொண்டிருந்தார். எண்ணெய் வாசனை. ஒரு சின்னத் தூரிகையால் ஒரு சின்ன இடுக்கை, அதற்குக் கூச்சமாக இருக்கும் என்பது போல, தேய்த்துக்கொண்டிருந்தார். உட்காருங்கோ தம்பி என்று சொல்லவே ஒரு நிமிடம் ஆனது. தேநீர் போட அண்ணா வந்தார். சமையலறை வாசலில், உள்ளே கால் வைக்காமல் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஸ்டான்ஸ்" என்றார், யாழ்ப்பாணத்து நார்வேஜிய மொழியில்.

அக்கா தூரிகையைப் போட்டார். பிஸ்டலைத் திறந்து, உள்ளே காலி என்று அவருக்குக் காட்டி, மேசையில் வைத்து, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, ஓரடி பின்னால் போய் நின்றார். நான் சாவியை மேசையில் வைப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்த வீட்டுக்கு எதிரில் இருந்த அத்தனை வருடத்தில், அக்கா உடனே செய்து நான் பார்த்த ஒரே காரியம் அதுதான்.